விட்ட மரத்தின் கணக்கு

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காடு பெரும்பாலும் அரசாங்கத்தின் சொத்து அல்ல. அங்குள்ள காட்டு நிலத்தில் ஏறத்தாழ 86 சதவீதம் தனியாரிடம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு சாதாரணக் குடும்பங்களுடையது. ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் தென் கரோலினாவிலும் கொள்ளுத்தாத்தா பருத்தி விளைவித்த மண்ணில் இன்று லாப்லாலி பைனும் ஸ்லாஷ் பைனும் வரிசை பிடித்து நிற்கின்றன. இது தானாக வந்த மாற்றம் அல்ல. பிசின் மிகுந்த தெற்குப் பைனிலிருந்தும் செய்தித்தாள் காகிதம் செய்யலாம் என்று வேதியியலாளர் சார்லஸ் ஹெர்ட்டி 1930களின் தொடக்கத்தில் சவானா நகரில் செய்து காட்டினார். 1936-இல் அதே நகரில் யூனியன் பேக் நிறுவனத்தின் பெரிய காகித ஆலை திறந்தது. 1956-இன் ‘மண் வங்கி’த் திட்டமும், 1985-இன் பண்ணைச் சட்டத்தில் வந்த நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டமும் சோர்ந்துபோன விளைநிலங்களில் மரம் நட உழவர்களுக்குப் பணம் கொடுத்தன. நடுவதில் குடும்பத்துக்குப் பெரிய சிரமம் இல்லை. நட்ட பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் செய்வதற்கும் அதிகம் இல்லை. சிரமம் அதன் பிறகு வருகிறது. நெருக்கமாக வளர்ந்த மரங்களைக் கலைத்துவிட வேண்டும். அதற்கு முன்பின் தெரியாத ஒருவரைக் கனரக இயந்திரங்களோடு தோப்புக்குள் விட வேண்டும். ‘நம்பிக்கையான மரவெட்டு ஒப்பந்தக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்ற கேள்வி அப்போது எழுகிறது. அந்தக் கேள்வியை நில உரிமையாளர்கள் பெரும்பாலும் வெட்டி ஏற்றிப் போகும் மரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். கலைப்பில் ஒருவரின் நம்பகத்தைத் தீர்மானிப்பது அவர் நிலத்தில் விட்டுச் செல்லும் மரம் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆளைத் தேர்வது, விலை பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது எல்லாவற்றையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கலைப்பு எதற்கு என்பதில் தெளிவு இல்லாவிட்டால் இந்த வாதம் பிடிபடாது. ஏக்கருக்கு 500 முதல் 700 கன்றுகள் வரை நடுவது தெற்கில் நெடுநாள் வழக்கம். களையை அமுக்கவும், மரங்கள் பக்கக் கிளை பரப்பாமல் நேராக உயரவும் அந்த நெருக்கம் உதவுகிறது. நெருக்கி விதைத்த கம்பைக் கலைத்துவிடாவிட்டால் எல்லாத் தட்டையும் மெலிந்து போவதைப் போல, 12 முதல் 18 வயதுக்குள் இந்த மரங்களும் ஒன்றையொன்று நெருக்கத் தொடங்குகின்றன. கீழ்க்கிளைகள் பட்டுப்போகும், பச்சை முடி மேலே மேலே சுருங்கும். மரத்தின் மொத்த உயரத்தில் உயிருள்ள முடி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டால், பிறகு இடம் கொடுத்தாலும் அது சட்டென்று பருக்காது. நெரிசலில் தவிக்கும் மரத்துக்குப் பிசினைச் சுரந்து வண்டை வெளியே தள்ளும் வலுவும் குறைகிறது; தெற்குப் பைன் வண்டு அத்தகைய தோப்பைத்தான் பிடிக்கிறது. அமெரிக்க வனத்துறையும் மாநிலங்களும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய வண்டுத் தடுப்புத் திட்டம் கலைப்புச் செலவில் பங்கேற்பதற்குக் காரணம் இதுவே. வனவியலாளர்கள் நெரிசலை ‘அடிப்பரப்பு’ என்ற அளவால் சொல்கிறார்கள்: மார்பளவு உயரத்தில் எல்லா மரங்களையும் குறுக்கே அறுத்தால் கிடைக்கும் வெட்டுமுகங்களின் கூட்டுப் பரப்பு. அது ஏக்கருக்கு 100 முதல் 120 சதுர அடியை எட்டும்போது தோப்பைக் கலைத்து, 60 முதல் 80 சதுர அடிக்குக் கொண்டுவருவது பரவலான நடைமுறை. ஏக்கருக்கு எஞ்சும் இருநூறு சொச்சம் மரங்களில் நேரானவை, நோயற்றவை, முடி செழித்தவை தொடர்ந்து பருத்து, 25 அல்லது 30 வயதில் பலகைக்கும் கம்பத்துக்கும் உரிய மரமாகின்றன.

ஆகவே முதல் கலைப்பு அறுவடையைவிடப் பயிர்ப் பராமரிப்புக்குத்தான் நெருக்கமானது. அதில் வெளியேறும் மரம் பெரும்பாலும் ஒல்லியானது. காகித ஆலைக்குக் கூழ்மரமாகப் போகும். அறுப்பு மரத்துக்கு உரிமையாளர் பெறும் விலை அண்மை ஆண்டுகளில் தெற்கின் சராசரியில் டன்னுக்கு 25 டாலரை ஒட்டி இருக்க, கூழ்மரத்தின் விலை ஒற்றை இலக்க டாலர்களிலேயே கிடக்கிறது. வேலை நடக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். இயந்திரம் நுழைவதற்காக ஐந்தில் ஒரு வரிசையை, சில இடங்களில் மூன்றில் ஒரு வரிசையை, முழுதாக எடுத்துவிடுவார்கள். இதில் தேர்வுக்கு இடமில்லை. நடுவே உள்ள வரிசைகளில் எது போகும், எது நிற்கும் என்பதை மரத்தைப் பிடித்து அறுக்கும் ஃபெல்லர்-பஞ்சர் இயந்திரத்தின் ஓட்டுநர் முடிவு செய்கிறார். ஒவ்வொரு மரத்துக்கும் அவருக்குக் கிடைப்பது சில நொடிகள். கோணல், கவைத்தண்டு, தண்டில் துரு நோயின் வீக்கம் ஆகியவற்றைக் கண்டு அந்த மரத்தை எடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் நல்லதை விட வேண்டும். குடும்பம் பதினைந்து ஆண்டு காத்து வளர்த்த தோப்பின் அடுத்த பதினைந்து ஆண்டு அந்த நொடிகளில் தீர்மானமாகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது தனிக் கேள்வி. இதைப் பெரும்பாலான உரிமையாளர்கள் கேட்பதில்லை.

அவர்கள் அஞ்சுவது வேறொன்றை: கணக்கில் வராத லாரி. எடைச்சீட்டு இல்லாமல் சில வண்டி மரம் போய்விடும், அறுப்பு மரத்தைக் கூழ்மரம் என்று எழுதிவிடுவார்கள், எல்லைக்கோடு தெரியாததுபோல் பக்கத்து நிலத்துக்குள்ளும் வெட்டிவிடுவார்கள். இவை கற்பனை அச்சங்கள் அல்ல. ஜார்ஜியாவில் மரத்திருட்டைப் புலனாய்வு செய்யும் அதிகாரத்தை 2014-இல் மாநில வனத்துறைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 40 ஏக்கர் தோப்பு, ஏக்கருக்கு 30 டன் வீதம் கலைப்பு, டன்னுக்கு 8 டாலர் என்று வைத்துக்கொண்டால் 1,200 டன்னுக்கு 9,600 டாலர் வரும். லாரிக்கு 26 டன் என்றால் 46 வண்டிகள். அதில் மூன்று வண்டி காணாமல் போனால் இழப்பு 624 டாலர். மற்றொரு தவற்றை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் விரைவாக எடை சேர்ப்பதற்காக ஏக்கருக்கு 20 நல்ல மரங்களை எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கோணல்களை விட்டுவிடுகிறார். 40 ஏக்கரில் 800 மரம். பதினைந்து ஆண்டில் ஒவ்வொன்றும் ஒரு டன் அறுப்பு மரமாகியிருக்கும். இப்போது அந்த இடத்தில் கூழ்மரமே மிஞ்சுகிறது. இன்றைய விலையிலேயே டன்னுக்கு 17 டாலர் வித்தியாசம், மொத்தம் 13,600 டாலர். ஆண்டுக்கு 5 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தாலும் 6,500 டாலரை ஒட்டி நிற்கும். திருடு போன மூன்று வண்டியைப் போல் பத்து மடங்கு. பட்டை உரிந்த மரங்கள், ஈர மண்ணில் விழுந்த ஆழமான சக்கரத்தடங்கள், அவற்றில் நசுங்கிய வேர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. இந்த இழப்பில் குற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. ஒவ்வொரு டன்னும் எடைமேடை ஏறியிருக்கும், ஒவ்வொரு டாலரும் வந்து சேர்ந்திருக்கும், சொன்ன அளவுதான் வெட்டியிருப்பார்கள். தோப்பு மட்டும் கெட்டுப்போயிருக்கும்.

இதை மரவெட்டும் தொழிலின் ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது நியாயமில்லை. ஃபெல்லர்-பஞ்சர், மரத்தை இழுத்துவரும் ஸ்கிட்டர், ஏற்றும் இயந்திரம், லாரிகள் எல்லாம் சேர்த்து ஒரு குழுவைப் புதிதாக அமைக்கப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஆகும். அதில் பெரும்பகுதி கடன். மாதத் தவணை மழைக்கும் நிற்காது, ஆலையின் கொள்முதல் கட்டுப்பாட்டுக்கும் நிற்காது. ஒப்பந்தக்காரருக்குக் கூலி டன் கணக்கில்தான். பத்து அங்குல மரம் ஒன்றைப் பிடித்தால் சேரும் எடைக்கு ஆறு அங்குல மரங்கள் மூன்று நான்கைப் பிடிக்க வேண்டும்; டீசலும் நேரமும் அதற்கேற்ப ஏறும். கலைப்பில் விடச் சொல்லும் மரம் ஒவ்வொன்றும் அவருடைய கூலியைக் குறைக்கிறது, எடுக்கச் சொல்லும் மரமோ அதிக உழைப்பைக் கேட்கிறது. உயிராபத்தும் இருக்கிறது: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்குப்படி மரவெட்டுத் தொழிலில் ஒரு லட்சம் பேருக்கு நூறை ஒட்டிய மரணங்கள், எல்லாத் தொழில்களிலும் உச்சம் அதுவே. இந்த நெருக்கடிக்குள்ளும் கவனமாக வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் நிற்கும் மரத்தை யாரும் அளந்து பார்க்காத இடத்தில், நிதானமாகத் தேர்ந்து வெட்டுபவர் விரைந்து வெட்டுபவரிடம் தோற்றுப்போவார். அளவை இல்லாமையால் முதலில் அடிபடுபவர் நேர்மையான ஒப்பந்தக்காரர்தான்.

அளவை யார் கையில் இருக்கிறது என்பது இத்தொழிலின் பழைய காயம். காகித ஆலைகள் நேரடியாக ஆள் வைக்காமல், இடைத்தரகர்கள் வழியாகச் சின்னச் சின்ன வெட்டுக்குழுக்களிடம் மரம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. லாரிக்கும் ரம்பத்துக்கும் பட்ட கடனிலேயே அந்தக் குழுக்கள் வாழ்ந்தன. 1971-இல் மிசிசிப்பியின் லாரல் நகரில் மேசனைட் நிறுவனம் மரத்தைக் ‘கார்டு’ என்ற கன அளவில் வாங்குவதை விட்டு எடைக்கு மாறியது. அதே மரத்துக்கு வருமானம் குறைந்துவிட்டது என்று கூழ்மரம் வெட்டுபவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாநிலத்தில், அந்தக் காலத்தில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கத்தில் நின்று போராடினார்கள். விலையைத் தொடாமல் அளவை முறையை மட்டும் மாற்றியே ஒருவரின் வரவை மாற்றிவிட முடியும் என்பதை அந்தப் போராட்டம் காட்டியது. இன்று எடைமேடைகள் துல்லியமானவை, ஆலைச்சீட்டு கணினியில் வருகிறது. வெளியேறும் மரத்தின் அளவை ஏறக்குறைய தீர்ந்த பிரச்சினை. நிற்கும் மரத்துக்கு அப்படி ஒரு மேடை இல்லை. அதை உரிமையாளர்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குச் சந்தை தானாகவே வழி செய்துவிடாதா? ஊரில் கெட்ட பெயர் எடுத்தவருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்கலாம். தெற்கின் சிற்றூர்களில் கைகுலுக்கி முடித்த வியாபாரம் தலைமுறைகளாக நடந்திருக்கிறது. அதைக் குறைத்து மதிக்க வேண்டியதில்லை. ஆனால் பெயர் காவல் செய்ய வேண்டுமென்றால் தவறு விரைவில் தெரிய வேண்டும். பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து, தரம் தெரியாமல் வாங்கும் இடத்தில் நல்ல சரக்கு எப்படி வெளியேறுகிறது என்று விளக்கினார். கார் வாங்கியவருக்காவது சில மாதங்களில் உண்மை தெரிந்துவிடும். கலைப்பின் தரம் முழுதாகத் தெரிவது அடுத்த கலைப்பிலோ இறுதி வெட்டிலோதான், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து. அதற்குள் ஒப்பந்தக்காரர் தொழிலை விட்டிருப்பார், உரிமையாளர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் அட்லாண்டாவிலோ சார்லட்டிலோ இருப்பார்கள். கைகுலுக்கலுக்கு ஆதாரமாக இருந்த அன்றாடப் பார்வை இப்போது அந்த நிலத்தின் மேல் இல்லை. அதனால் பெயரை விசாரிப்பதோடு நில்லாமல், அவர் இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் கலைத்த தோப்புகளில் நேரில் நடந்து பார்க்க வேண்டும். புதிதாகக் கலைத்த தோப்பு எல்லாமே சுத்தமாகத் தெரியும். இரண்டு கோடை கடந்த தோப்பு உண்மையைச் சொல்லும். நிற்பவற்றில் கோணல் எத்தனை, அடிமரத்தில் பட்டை உரிந்த காயம் எத்தனை, இழுவைத்தடத்தில் தண்ணீர் தேங்குகிறதா, ஓடைக்கரையின் மரங்கள் விட்டபடி இருக்கின்றனவா, ஏற்றுகளத்தின் குப்பை அகற்றப்பட்டதா என்று பார்க்கலாம். அந்தத் தோப்பை வெட்டிய அதே ஓட்டுநர் இன்றும் குழுவில் இருக்கிறாரா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

சான்றிதழ்களின் இடம் இதற்குப் பிறகுதான். காகித, மரத்தொழில் நிறுவனங்கள் 1990களின் நடுவில் தொடங்கிய நீடித்த வனவியல் முன்முயற்சியின் விளைவாக, ஆலைகள் பயிற்சி பெற்ற வெட்டுக்குழுக்களை விரும்புகின்றன. ஜார்ஜியாவில் ‘மாஸ்டர் டிம்பர் ஹார்வெஸ்டர்’, அலபாமாவில் ‘புரொஃபெஷனல் லாகிங் மேனேஜர்’ என்ற பெயர்களில் அந்தப் பயிற்சிகள் நடக்கின்றன. தேறியவர்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கும். அது பயனுள்ள வடிகட்டி. ஓடையைக் காப்பது, பாதையில் மண் அரிக்காமல் தடுப்பது, விபத்தைத் தவிர்ப்பது ஆகியவற்றில் அடிப்படை அறிவு உண்டு என்று காட்டும். மரத்தேர்வில் கை எப்படி என்று காட்டாது. பொறுப்புக் காப்பீடும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் நடப்பில் இருக்கின்றனவா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே நேராகச் சான்றாகப் பெறுவது கட்டாயம். காப்பீடு இல்லாத குழுவில் ஒருவர் அடிபட்டால் வழக்கு நிலத்தின் உரிமையாளரைத் தேடி வரலாம்.

விலை பேசும் முறைக்கு வருகிறேன். ‘முத்திரையிட்ட உறையில் ஒப்பந்தப்புள்ளி கேளுங்கள், அதிகம் தருபவருக்கு மொத்தமாக விற்றுவிடுங்கள்’ என்பது மர விற்பனையில் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. முழுத்தோப்பையும் வெட்டி மறுநடவு செய்யும்போது அது நல்ல அறிவுரை. பணம் முன்னதாகவே வந்துவிடும், மிஞ்சுவதற்கு மரமும் இல்லை. கலைப்பில் அது தலைகீழாகிறது. மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டவருக்கு ஒவ்வொரு கூடுதல் டன்னும் லாபம். அதிக விலை சொன்னவர் அந்த விலையை எங்கிருந்து மீட்பார் என்று யோசித்தாலே போதும். ஆகவே கலைப்புக்கு டன் கணக்கில், வெட்ட வெட்டப் பணம் வாங்கும் முறையே பொருத்தம். அதிலும் அதிக விலை சொன்னவரைத் தேடுவதில் பொருள் குறைவு. கவனமான குழு ஒன்று டன்னுக்கு ஒரு டாலர் குறைத்துக் கேட்டால், மேலே சொன்ன தோப்பில் இழப்பு 1,200 டாலர். கவனமின்மையின் விலை 6,500. அந்த ஒரு டாலரை நிதானத்துக்குக் கொடுக்கும் கூலி என்று வைத்துக்கொண்டு, வாயாலும் அப்படியே சொல்லிவிட வேண்டும். எதற்காகக் குறைவாக வாங்கிக்கொள்கிறோம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால்தான் அந்தக் கூலி வேலை செய்யும்.

ஒப்பந்தத்தின் மையமும் அதற்கேற்ப இடம் மாற வேண்டும். எல்லைக்குறி, காலக்கெடு, வாரந்தோறும் எடைச்சீட்டோடு பணம், ஒவ்வொரு வகை மரத்துக்கும் தனி விலை இவையெல்லாம் எந்த நல்ல ஒப்பந்தத்திலும் இருக்கும். அவற்றுக்கு மேல், வேலை முடிந்தபின் ஏக்கருக்கு எத்தனை சதுர அடி அடிப்பரப்பு நிற்க வேண்டும் என்பது எண்ணாகவே எழுதப்பட வேண்டும். எந்தக் குறையுள்ள மரங்கள் முதலில் போக வேண்டும் என்ற வரிசையும் வேண்டும். வெட்டக் கூடாததை வெட்டினாலோ அடிமரத்தைக் காயப்படுத்தினாலோ அதன் விலையைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு ஈடு, மண் ஈரமாக இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை, பாதையும் களமும் சீராகும்வரை பிடித்து வைக்கும் காப்புத்தொகை ஆகியவையும் இடம்பெற வேண்டும். ஆழமான மணற்பாங்கு நிலமாக இருந்தால் ஒரு தனி விதி தேவை. புதிதாக வெட்டிய அடிக்கட்டையில் அன்னோசம் வேரழுகல் பூஞ்சையின் வித்து இறங்கி, வேர் வழியே அடுத்த மரத்துக்குப் பரவும். வெட்டியவுடன் போரேட் மருந்து இட வேண்டும், அல்லது பரவல் குறைந்த கோடையில் வெட்ட வேண்டும். காகிதத்தில் இத்தனையும் எழுதியபின் முதல் ஒன்றிரண்டு நாள்தான் முக்கியம். முதல் இரண்டு மூன்று ஏக்கர் முடிந்ததும் வேலையை நிறுத்தி, சில இடங்களில் அடிப்பரப்பை அளந்து, ஓட்டுநரோடு சேர்ந்து நடந்து, இது இருந்திருக்க வேண்டும், இது போயிருக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம். பல குழுக்கள் இதை வரவேற்கின்றன. என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியாமல் வெட்டுவது அவர்களுக்கும் தொல்லை. வேலை முடிந்து மூன்று மாதம் கழித்துக் குறை சொல்வதால் ஒரு மரமும் திரும்ப எழுந்து நிற்காது.

இதையெல்லாம் அளக்க உரிமையாளருக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் ஆலோசக வனவியலாளர் தேவைப்படுகிறார். எதிர்ப்பும் அங்கிருந்துதான் வருகிறது. கலைப்பில் கிடைப்பதே சொற்பம், அதில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ அவருக்குக் கொடுத்தால் மிஞ்சுவது என்ன என்கிறார்கள். 9,600 டாலரில் ஆயிரம் அல்லது ஆயிரத்து ஐந்நூறு டாலர் கண்ணை உறுத்தத்தான் செய்யும். அவருடைய கூலியை இன்றைய வரவோடு ஒப்பிடுவதால் அப்படித் தோன்றுகிறது. அவர் காப்பது நிற்கும் தோப்பை. ஆனால் இந்த எதிர்ப்பில் ஓர் உண்மையும் உண்டு. விற்பனைத் தொகையில் சதவீதம் வாங்குபவருக்கும் அதிகம் வெட்டப்படுவதில் அக்கறை வந்துவிடுகிறது. காவலுக்கு வைத்தவரின் நலனும் டன்னோடு கட்டப்படுகிறது. கலைப்புக்கு வனவியலாளரை மணிக்கணக்கிலோ ஏக்கர் கணக்கிலோ கூலி பேசி அமர்த்துவது மேல். மரம் வாங்கும் நிறுவனத்தின் வனவியலாளர் இலவசமாக வந்து உதவுவதாகச் சொன்னால், அவர் திறமையானவராகவே இருந்தாலும், அவருக்குச் சம்பளம் தருவது யார் என்பதை மறக்கக் கூடாது. பதிவு பெற்றவர்தானா என்பதை ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களின் பதிவு வாரியங்களில் சரிபார்க்கலாம். மாநில வனத்துறை அலுவலர் தோப்பைப் பார்த்து, கலைப்புக்கு வயதாகிவிட்டதா என்று சொல்வார். விற்பனையை நடத்தித் தர மாட்டார்.

குடும்ப நிலம் என்பதாலேயே வரும் சிக்கல் ஒன்றை வேகமாகக் கடக்க முடியாது. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் பிரிக்கப்படாமல் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவில் கிடக்கிறது. தெற்கின் கறுப்பினக் குடும்பங்களில் இது மிகப் பரவலானது. அவர்களுடைய நிலம் கைவிட்டுப் போனதற்குப் பெரிய காரணங்களில் ஒன்றும் இதுவே. ஒரு பங்காளியைப் பிடித்து, அவர் கையெழுத்தை வாங்கி மரத்தை வெட்டிக்கொண்டு போகும் வியாபாரம் இங்குதான் நடக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியவரும்போது லாரிகள் போயிருக்கும். 2010-இல் உருவான சீரான வாரிசுச் சொத்துப் பிரிவினைச் சட்டத்தை ஜார்ஜியா 2012-இலும் அலபாமா 2014-இலும் தென் கரோலினா 2016-இலும் ஏற்றன; ஒரு பங்காளி பாகம் கேட்டாலே முழு நிலமும் அடிமாட்டு விலைக்கு ஏலம் போவதை அது தடுக்க முயல்கிறது. சார்ல்ஸ்டனில் இயங்கும் வாரிசுச் சொத்துப் பாதுகாப்பு மையம் நிலப்பத்திரத்தைச் சீர்படுத்துவதோடு தோப்பு மேலாண்மைக்கும் உதவுகிறது. இந்த இரண்டும் ஒரே வேலையின் பகுதிகள் என்பது சரியான புரிதல். உரிமை தெளிவாக இல்லாத நிலத்துக்கு அரசின் செலவுப் பங்கும் எளிதில் வராது, நல்ல ஒப்பந்தக்காரரும் வரத் தயங்குவார். உரிமைப் பத்திரத்தைக் கேட்காமலே வெட்டத் தயாராக இருப்பவரை, அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லலாம்.

மிகக் கனமான எதிர்வாதம் சந்தையிலிருந்து வருகிறது. இத்தனை நிபந்தனை போட்டால் யார் வருவார்கள்? 2023-இல் மட்டும் வட கரோலினாவின் கேன்டன், தென் கரோலினாவின் வட சார்ல்ஸ்டன், ஃபுளோரிடாவின் பெர்ரி ஆகிய ஊர்களில் காகித, கூழ் ஆலைகள் மூடின. 2024 முடிவில் தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுன் ஆலையும் போனது. 1936-இல் திறந்த அந்தச் சவானா ஆலையும், இன்டர்நேஷனல் பேப்பர் நிறுவனத்தின் கையில், 2025-இல் மூடப்பட்டது. கூழ்மரத்துக்கு ஆலை இல்லாத வட்டாரத்தில் கலைப்புக்கு ஆள் கிடைப்பதே அரிது. கிடைத்தவரிடம் அடிப்பரப்புக் கணக்குப் பேசுவது எட்டாத ஆசையாகத் தோன்றலாம். 15 ஏக்கர் துண்டுக்கு இயந்திரங்களை ஏற்றி இறக்கும் செலவே கட்டுப்படியாகாது. எனவே நிபந்தனையைத் தளர்த்துங்கள், வருகிறவர் செய்வதைச் செய்யட்டும் என்கிறார்கள். ஆள் தட்டுப்பாடு உண்மை. அதிலிருந்து இந்த முடிவு வரவில்லை. தளர்த்த வேண்டுமென்றால் விலையைத் தளர்த்தலாம், காலக்கெடுவைத் தளர்த்தலாம். டன்னுக்கு ஒன்றுமே வாங்காமல் விட்டாலும், நன்றாகக் கலைத்த தோப்பு குடும்பத்துக்கு லாபம்தான். ஒப்பந்தக்காரர் பக்கத்து வட்டாரத்துக்கு வரும்வரை ஓராண்டு, ஈராண்டு காத்திருக்கலாம். அக்கம்பக்கத்துச் சிறு உரிமையாளர்கள் நால்வர் ஒரே வனவியலாளரை வைத்து, துண்டுகளைச் சேர்த்து ஒரே வேலையாகக் கொடுத்தால், இயந்திரம் ஏற்றி இறக்கும் செலவு நான்காகப் பிரியும். வர்ஜீனியாவின் வனத்துறை சிறிய துண்டுகளைக் கலைக்கும் ஒப்பந்தக்காரருக்கே நேராக ஊக்கத்தொகை தருகிறது. தட்டுப்பாட்டின் முடிச்சு எங்கே என்று சரியாகக் கண்ட திட்டம் அது. மற்ற மாநிலங்களும் பின்பற்ற வேண்டியது.

காத்திருப்புக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருபது வயதைத் தாண்டி, முடி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிய தோப்பில் தாமதமாகச் செய்யும் கலைப்பு மரத்தைப் பருக்க வைக்காது. மெலிந்து நெடிந்த மரங்களுக்குத் திடீரென்று இடம் கொடுத்தால் காற்றிலும் பனியிலும் சாயும். 2018-இல் மைக்கேல், 2024-இல் ஹெலீன் என்ற சூறாவளிகள் ஜார்ஜியாவின் தோப்புகளைப் புரட்டியதைப் பார்த்தபின் இந்த ஆபத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நிலைக்கு வந்துவிட்ட தோப்பை, நம்பகமில்லாத கையில் அரைகுறையாகக் கலைப்பதைவிட, இன்னும் சில ஆண்டு விட்டு முழுதாக வெட்டி மறுநடவு செய்வது மேல். மறுநடவில் ஏக்கருக்கு 600-க்குப் பதில் 400-ஐ ஒட்டி நட்டால் முதல் கலைப்பு பின்னே தள்ளிப்போகும். அதில் வெளியேறும் மரமும் தடித்திருக்கும் என்பதால் கூழ் ஆலையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அகலமாக நட்டால் கிளை தடிக்கும், பலகையில் முடிச்சு கூடும், முதல் ஆண்டுகளில் களைக்குச் செலவாகும். ஆலைகள் மூடிவரும் வட்டாரத்தில் உள்ள குடும்பங்கள் இந்தச் செலவையும் கலைப்புக்கு ஆள் தேடும் செலவையும் நடவுக்கு முன்பே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.